ஜீன்ஸுக்கு ஒரு ‘ஜ’, எனக்கு ஒரு ‘ய’

1

இந்த வைகாசியோடு நான் ரொறன்ரோவுக்கு வந்து இருபது வருடம் முடிந்தது. இப்படி ஒரு வருடம் வந்தால் எங்கள் ஆட்கள் வழக்கமாகப் பனியைப் பற்றி எழுதுவார்கள். அல்லது விமான நிலையத்தில் வந்து இறங்கிய அன்று யார் குளிர்ச்சட்டை கொண்டுவந்து தந்தார்கள் என்று எழுதுவார்கள். நான் அதையெல்லாம் எழுதப்போவதில்லை. எனக்கு இந்த வருடம் கோபம் வந்தது, அதை எழுதுகிறேன்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு முதலில் என்னைச் சொல்லிவிட வேண்டும். என் பெயர் சிவஜோதி. பிறந்தது யாழ்ப்பாணம். ஏழு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜேர்மனிக்குப் போனேன். அப்பா எங்களுக்கு முன்னரே அங்கே அகதியாகப் போய்ச் சேர்ந்திருந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஒரு நகரத்தில் வளர்ந்து, படித்து, வேலை பார்த்து, பிறகு கலியாணம் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். ஆகவே என்னை ‘ஊர் ஞாபகம் வருவதில்லையா’ என்று கேட்டால், எந்த ஊர் என்று திருப்பிக் கேட்கிற ஆள் நான்.

இப்போது ஸ்காபரோவின் கிழக்கே, மோர்னிங்சைட் பக்கத்தில் ஓர் உயர்பாடசாலையின் அலுவலகத்தில் வேலை. பிந்தி வருகிற பிள்ளைகளுக்குச் சீட்டுக் கொடுப்பேன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்கிற தாய்மாரின் அழைப்பை எடுப்பேன், அது உண்மையான காய்ச்சலா என்று குரலிலேயே கண்டுபிடிப்பேன். என் ஒரே மகன் கேசவன் அதே பாடசாலையில் பன்னிரண்டாம் வகுப்பு. நண்பர்களுக்கு அவன் ‘கேஷ்’. நடைபாதையில் என்னைக் கண்டால் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுப் போவான். அம்மா என்று கூப்பிடமாட்டான்.

தமிழை வீட்டிலும், ஆங்கிலத்தை ஜேர்மன் ஆசிரியர்களிடமும் படித்தவள் நான். அதனால் என் ஆங்கிலம் ஜேர்மன்காரியின் ஆங்கிலம். முகத்தைப் பார்த்தால் யாழ்ப்பாணம், வாயைத் திறந்தால் வேறு ஆள். வந்த புதிதில் வங்கியில் ஒரு பெண் என் முகத்தையும் என் குரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் பேசுவதை அவளும் ஒருமுறை கேட்க வேண்டுமாம்.

2

எங்கள் பாடசாலையில் ஆனிக் கடைசியில் கிராஜுவேஷன் விழா நடக்கும். கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேற, மைக்கில் ஒருவர் பெயர் வாசிப்பார், கீழ்வகுப்புப் பிள்ளைகள் பின்னால் இருந்து பார்ப்பார்கள். பல வருடமாக அந்த வேலை என்னுடையது. யாரும் அதை ஆசையோடு தூக்கித் தரவில்லை. எனக்கு முன் வாசித்த ஆசிரியர் ஒவ்வொரு பெயரிலும் தடக்கி விழுந்து, ஒவ்வொரு தடக்கலுக்கும் மன்னிப்புக் கேட்பார், சனம் கைதட்டுவதா அனுதாபப்படுவதா என்று தெரியாமல் முழிக்கும். அவர் ஓய்வு பெற்றதும் அந்தச் சனியன் என் மேசைக்கு வந்தது.

நான் எனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டேன். பனி உருகத் தொடங்கியதும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கன்ரீன் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருவேன். கடைசி வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் வருவார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: உன்னை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், அப்படியே சொல்லு. ஆசிரியருக்காகச் சுருக்கினது வேண்டாம். கோப்பிக் கடையில் கப்பில் எழுதக் கொடுக்கிற பெயரும் வேண்டாம். அவர்கள் சொல்வதை ஒரு சிறிய அட்டையில் எனக்கு விளங்குகிற மாதிரி எழுதுவேன். தமிழில்தான் எழுதுவது. தமிழில் இல்லாத சத்தம் வந்தால் ஜேர்மன் எழுத்தைப் போடுவேன்.

இது நான் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. வியட்நாம் பிள்ளைகளின் குடும்பப் பெயர் ஒன்று ‘ங’வில் தொடங்கும். அதை இங்கே ஆளுக்கொரு விதமாகப் போட்டு வதைப்பார்கள். எங்கள் அரிச்சுவடியில் வேலைவெட்டி இல்லாமல் கிடந்த ங வரிசைக்கு நான் ஸ்காபரோவில் உத்தியோகம் எடுத்துக் கொடுத்தேன். சோமாலியப் பிள்ளை கதீஜாவின் முதல் எழுத்து தொண்டையின் அடியிலிருந்து வரவேண்டும். ஆங்கிலத்தில் அந்தச் சத்தம் கிடையாது, ஜேர்மனில் தாராளமாக உண்டு. அவளுடைய பெயரை நான் வாசித்த அன்று, பின்னால் இருந்த அவளுடைய தகப்பன் எழுந்து நின்று நெஞ்சில் கையை வைத்தார். அந்த மனிதரை எனக்கு முன்பின் தெரியாது. அதற்குப் பிறகு இந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

இந்த வருடம் மாசியில், புதிதாக வந்த உப அதிபர் மிஸ் ஜர்கன்ஸ் எல்லோருக்கும் ஓர் ஈமெயில் அனுப்பினார். இனிமேல் பெயர்களைக் கொம்பியூட்டர் குரல் வாசிக்கும். பிள்ளைகள் தங்கள் பெயரைப் போனில் சொல்லி அனுப்பினால் போதும், அது துப்புரவாக்கி அழகான குரலில் வாசித்துவிடும். அதோடு எனக்குத் தனியாக ஒரு வரி இருந்தது. இந்த வருடம் உங்கள் மகனுடைய விழாவும் அல்லவா, குடும்பத்தோடு ஆறுதலாக இருந்து பாருங்கள்.

அந்த ஆறுதல் எனக்குப் பிடிக்கவில்லை. கேட்காமல் தருகிற ஆறுதலுக்குப் பின்னால் ஏதோ இருக்கும் என்று அகதிப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

3

கோபத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றால் நான் ஜேர்மன்காரரின் மெய்யெழுத்துகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதைச் சின்ன வயதில் இருந்து காதால் பொறுக்கி வைத்திருக்கிறேன்.

ஜேர்மன்காரருக்கு வெளியிலிருந்து வந்த சொற்கள் ஏராளம். அவற்றை அவர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றமாதிரி வளைத்துக்கொள்வார்கள், அதைப் பற்றிக் கொஞ்சமும் வெட்கப்படமாட்டார்கள். சொல்லின் கடைசியில் மெல்லிய எழுத்து வந்தால் அதை இறுக்கிவிடுவார்கள். வேலைக்கு ‘ஜொப்’ என்பார்கள், இரவு ஆடுகிற இடத்துக்கு ‘க்லுப்’ என்பார்கள். தமிழில் எழுதினால் அந்த வித்தியாசம் தெரியாது. கடைசி ‘ப்’பில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வாசியுங்கள், வரும். நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டிச் சொல்கிற ஆங்கில ‘த்’ அவர்களுக்குப் பெரிய அருவருப்பு. அதனால் ‘த்ரில்லர்’ அங்கே ‘ஸ்ரில்லர்’ ஆகும். பெரிய கொம்பனி முதலாளி தொலைக்காட்சியில் வந்து கோட்டும் சூட்டுமாக ‘ஸ்ரில்லர்’ என்பார். ஒருவரும் அவரை உச்சரிப்பு வகுப்புக்கு அனுப்பமாட்டார்கள்.

ஆனால் எல்லாச் சொல்லுக்கும் அவர்கள் இப்படிச் செய்வதில்லை, எனக்கு உறைத்தது அதுதான். பிரெஞ்சில் இருந்து வந்த ‘ரெஸ்டோரண்ட்’டைச் சொல்லும்போது கடைசி எழுத்தை மூக்குக்குள் அனுப்பி, பிரெஞ்சுக்காரனைவிடக் கவனமாகச் சொல்வார்கள். தோடம்பழத்துக்கு, அந்த ஆரஞ்சுக்கு, ‘ஒறாங்ஷ’ என்று நாக்கைப் பணிவாக வளைப்பார்கள். ஜேர்மனில் ‘ஜ’ என்ற சத்தத்துக்குத் தனி எழுத்தே கிடையாது. நாங்கள் ‘ஜ’வுக்குப் போடுகிற ஆங்கில எழுத்தை அவர்கள் ‘ய’ என்றுதான் வாசிப்பார்கள். ஆனால் ஜீன்ஸ் என்று வந்தால் சரியாக ‘ஜீன்ஸ்’ என்பார்கள். ஜாஸ் என்று வந்தால் ‘ஜாஸ்’ என்பார்கள். ஜங்கிள் என்பது எங்கள் பக்கத்துச் சொல், இந்தியக் காட்டில் இருந்து போனது. ஆங்கிலேயன் கையால் போய்ச் சேர்ந்ததால் அதற்கும் மரியாதை கிடைத்தது. அந்த ஒரு ‘ஜ’வைக் காப்பாற்ற நாலு எழுத்தைச் செலவழித்து எழுதுவார்கள்.

நான் அதே எழுத்தோடு போனவள்தான், நான் மட்டும் ‘யோட்டி’.

முதல் நாள் வகுப்பில் ஃபிராவ் லேமன் என்ற ஆசிரியை பதிவைப் பார்த்து வாசித்தார். முதல் ‘சி’யில் ஒரு ரீங்காரம் ஏறியது, ‘வ’ காற்றாகி ‘ஃப’ ஆனது, ‘ஜோ’ ‘யோ’ ஆனது, ‘தி’ ‘ட்டி’ ஆனது. என் மெய் எல்லாம் போய் உயிர் மட்டும் மிஞ்சியது. அப்பா, அம்மா, அரசாங்கம் எல்லாம் சேர்ந்து எனக்குத் தந்த பெயரில் ஒரு மெய்யெழுத்துக்கூடத் தப்பவில்லை. நான் கையைத் தூக்கவில்லை, ஏனென்றால் அது நான் என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து வயதில் எனக்கு வாய் முளைத்தது. ஒருநாள் பாடம் முடிந்த பிறகு ஃபிராவ் லேமனிடம் போய்க் கேட்டேன்: ஜீன்ஸுக்கு ஜ போடுகிறீர்கள், எனக்கு ஏன் ய போடுகிறீர்கள்? அவர் பொல்லாத மனுசி இல்லை. என் கேள்வியை உண்மையிலேயே யோசித்தார். கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே பதில் சொன்னார்.

“ஜீன்ஸை எல்லோருக்கும் தெரியும், யோட்டி. உன்னை எனக்கு மட்டும்தான் தெரியும்.”

அடுத்த நாளும் அவர் யோட்டி என்றுதான் கூப்பிட்டார். ஆனால் அவர் சொன்னது உண்மை. ஒரு பெயர் சரியாக உச்சரிக்கப்படுவதற்கு நாக்கு காரணம் இல்லை, அந்தப் பெயரை எத்தனை பேர் பொருட்படுத்துகிறார்கள் என்பதுதான் காரணம். முடியாது என்று எந்த வாயும் இல்லை. முடியாது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் வேறு யாருக்கோ முடிந்தவர்கள்தான். இதை நான் பத்து வயதில் படித்தேன், இன்றுவரை மறக்கவில்லை.

4

மிஸ் ஜர்கன்ஸிடம் நேரம் கேட்டுப் போனேன். நல்ல மனுசி, தேநீர் தந்தார். இங்கே எல்லோரும் என்னை ‘ஜோ’ என்பதுபோல அவரும் ஜோ என்றார். பட்டும் படாமலும் பேசினார். நான் விடவில்லை, நேரே கேட்டேன். கடைசியில் சொன்னார்: போன வருடம் ஒரு பெற்றோர் எழுதியிருக்கிறார்கள். பெயர் வாசிக்கிறவரின் உச்சரிப்புக் காதுக்குக் கஷ்டமாக இருக்கிறதாம். விழாவின் ஒலிப்பதிவை வீட்டில் போட்டுப் பார்க்க முடியவில்லையாம்.

எந்தப் பெயரைப் பிழையாக வாசித்தேன் என்று கேட்டேன். பெயர் ஒன்றும் பிழை இல்லை என்றார். பெயர்களுக்கு நடுவில் நான் சொல்கிற ஆங்கிலம்தான். ‘இப்போது அடுத்த வகுப்பு’, ‘தயவுசெய்து உட்காருங்கள்’ என்கிற அந்த நாலு வசனம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, காதும் சூடானது. ஒரு மண்டபம் நிறைந்த பெயர்களை அவரவர் வாயில் இருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன்; ஆங்கிலம் என்கிற ஒரே ஒரு மொழிக்கு மட்டும் நோகிறது. எனக்கு உச்சரிப்பு இருக்கிறது என்று சொன்னேன். அது இரண்டு நாடு கடந்து வந்த உச்சரிப்பு. அதில் பாதி இல்லாவிட்டால் கதீஜாவின் முதல் எழுத்து வந்திருக்காது. அதை வேண்டும், இதை வேண்டாம் என்று பிரித்து எடுக்க முடியாது.

பிறகு ஒரு வேலை செய்தேன். அவருடைய கதவில் இருந்த பெயர்ப்பலகையைக் காட்டி, இந்தப் பெயரின் முதல் எழுத்து ஜ இல்லை, அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தெரியும் என்றார். பூட்டனார், தாத்தாவின் அப்பா, யூர்கன்ஸ் என்றுதான் வந்து இறங்கினாராம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நக்கலடித்தார்களாம். தாத்தா ஜர்கன்ஸ் என்று மாற்றிக்கொண்டாராம்.

“மூன்று தலைமுறையாகி விட்டது, ஜோ. யாருக்கும் வலிக்கவில்லை,” என்றார்.

“உங்கள் தாத்தாவுக்கு வலித்திருக்கும்,” என்றேன்.

அவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு பிள்ளைகளே தெரிவு செய்யட்டும் என்றார். கொம்பியூட்டர் வேண்டும் என்கிறவர்கள் போனில் சொல்லி அனுப்பட்டும், நான் வேண்டும் என்கிறவர்கள் வழக்கம்போல என் கதிரைக்கு வரட்டும். நியாயமான முடிவு. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து நாலு அடி நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகள் என்றால் அதில் என் பிள்ளையும் சேர்த்தி.

5

பங்குனியில், நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில், மச்சாளின் புதுவீட்டுக் குடிபூரல். மச்சாள் என் கணவர் சசியின் அக்கா. புதுக் குடியிருப்பு, ஒரு போத்தல் பால் வாங்கவும் காரை எடுக்க வேண்டும். உள்ளே இருக்கிற எல்லாம் மினுங்கியது. நான் குசினியில் நின்று மச்சாளின் சின்ன மகளுக்கு ஏதோ ஆங்கிலத்தில் சொல்லப்போக, அவளுடைய அண்ணன் அதை அப்படியே செய்து காட்டினான். ‘ஸிஸ் இஸ் ஸ மைக்ரோவேவ்’ என்று தோளை விறைப்பாக்கிக்கொண்டு சொன்னான். வீடு முழுக்கச் சிரித்தது. “ஜோதி கதைச்சால் சண்டைப் படம் பாக்கிற மாதிரி இருக்கும்,” என்று மச்சாள் கண்ணைத் துடைத்தார்.

மச்சாளுக்கு நான் பதில் வைத்திருந்தேன். நீங்கள் எல்லாரும் ரொறன்ரோ, ரொறன்ரோ என்கிறீர்களே, இந்த நகரத்தில் பிறந்தவன் ஒருவனாவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவன் நடு எழுத்தையே விழுங்கிவிட்டு வேறு ஏதோ சொல்கிறான். நாங்கள் எங்கள் வாய்க்கு ஏற்றமாதிரி ஒன்றைச் செய்து, பத்திரிகையிலும் அடித்து, அதில் பெருமையாக வாழ்கிறோம். அப்படியே இருக்க வேண்டும், அதுதான் சரி. ஆனால் அந்த உரிமை எனக்கும் உண்டு என்று சொன்னேன். எல்லோரும் அதற்கும் சிரித்தார்கள், நல்லாய்த்தான் சிரித்தார்கள். சோற்றுக் கோப்பையோடு மூலையில் நின்ற கேசவனும் சிரித்தான். அவன் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

திரும்பி வரும்போது சசி கார் ஓட்டினார். பின்னால் இருந்த கேசவன் தானாகவே கதையைத் தொடங்கினான். நான் உப அதிபரோடு சண்டை பிடித்தது பாடசாலையில் எல்லோருக்கும் தெரியுமாம்.

“கிராஜுவேஷனிலை நீங்கள் வாசிக்கேக்கை பின்வரிசையிலை இருக்கிற பெடியள் உங்களைச் செய்து காட்டுறவங்கள், அம்மா. எவ்ரி இயர். உங்களுக்குக் கேக்காது, மேடையிலை நிக்கிறீங்கள். எனக்குத்தான் கேக்கும்.”

நான் அவனுக்கு ஜீன்ஸ் கதையைச் சொன்னேன். ஃபிராவ் லேமன் சொன்னதையும் சொன்னேன். அவன் முழுவதும் கேட்டான்.

“ஓகே, பட் தட்ஸ் ஜேர்மனி. இஞ்சை ஒருத்தரும் உங்கட ஜ-வைப் பறிக்கேல்லை. அவங்கள் சிரிக்கிறாங்கள், அவ்வளவுதான். அது எனக்குப் பிடிக்கேல்லை.”

“அப்ப நீ மெஷினுக்குக் குடுக்கப்போறியோ?”

“தெரியேல்லை,” என்றான்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எனக்காக என் கதிரைக்கு வந்திருப்பான். ஆனால் மகன் என்பதற்காக வருகிற ஒருவன் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவன் வரவேண்டும் என்று மட்டும் வேண்டியிருந்தது. அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று இதை எழுதும்போதுகூடச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். வேறு யார் வராவிட்டாலும் அவன் வரவேண்டும் என்று இருந்தது.

இன்னொன்றும் யோசித்தேன். ஜேர்மன்காரர் இரவல் சொல்லைத் தங்கள் வாய்க்கு வளைப்பதைப் பற்றி நான் இவ்வளவு எழுதினேன். என் மகனுக்குத் தமிழே இரவல்தான். அவனுடைய ழவும் ளவும் லவும் ஒன்று. அவன் வாய் கனடாவில் செய்தது. அவனுக்கு நாங்கள் வைத்த பெயர், அவனைப் பொறுத்தவரை, வெளியில் இருந்து வந்த ஒரு சொல். அதை அவன் ‘கேஷ்’ என்று வெட்டிக்கொண்டால் நான் எந்த முகத்தோடு கேட்பேன்?

6

சித்திரையில் கதிரையைப் போட்டேன். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள் ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். பிறகு வியட்நாம் பையன்கள் சிரித்துக்கொண்டு கூட்டமாக வந்தார்கள். கொம்பியூட்டர் வாசித்துக் காட்டியதைத் தங்கள் போனில் போட்டுக் காட்டினார்கள். செய்தி வாசிக்கிற குரல், ஒரு குறையும் இல்லை, முதல் எழுத்தில் மட்டும் ங இல்லை. கடைசிக் கிழமையில் வரிசை கன்ரீன் கதவு தாண்டிப் போனது. என் மகனைக் காணவில்லை.

கடைசி நாள், மணி அடிக்கப் போகிற நேரம், வந்தான். தனியாக வரவில்லை, இரண்டு நண்பர்களோடு வந்தான். அவர்களில் ஒருவன் பின்வரிசைக்காரன் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. கேசவன் எல்லோரையும்போல வரிசையில் நின்று, எல்லோரையும்போலக் கதிரைக்கு முன்னால் வந்தான். நானும் எல்லோரிடமும் கேட்கிறதைக் கேட்டேன். உன்னை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்?

அவன் சொன்னான்.

அவன் சொன்னதைத் தமிழில் எழுத எனக்கு எழுத்தில்லை. ‘கேஸவன்’ என்று எழுதுகிறேன். முதல் ‘கே’யைக் காற்றோடு தள்ளி, அந்த ‘ஸ’வுக்கு மேல் ஒரு ஈயைப் பறக்கவிட்டு வாசியுங்கள். அது எங்கள் ‘ச’ இல்லை. இரண்டு உயிருக்கு நடுவில் வந்த ‘ஸ’வை ஜேர்மன்காரர் ரீங்காரமாக்குவார்களே, அது. பின்வரிசைக்காரன் பல்லைக் காட்டினான். இவ்வளவு பேருக்கு முன்னால் என் மகனே என்னைச் செய்து காட்டுகிறான் என்று நினைத்தேன்.

“பகிடி விடாதை, கேசவன். பேரைச் சொல்லு.”

“பகிடி இல்லை. வீட்டிலை எப்பிடிக் கூப்பிடுறவையெண்டுதானே கேட்டனீங்கள்? நீங்கள் இப்பிடித்தான் கூப்பிடுறனீங்கள்.”

“நான் அப்பிடிச் சொல்லுறேல்லை.”

“இப்பவும் அப்பிடித்தான் சொன்னனீங்கள், அம்மா.”

அவன் முகத்தில் நக்கல் இல்லை. தன் விலாசத்தைச் சொல்கிற மாதிரி சொன்னான். பதினேழு வருடமாக நான் என் மகனை எங்கள் அம்மா கூப்பிடுகிற மாதிரித்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறேன். எனக்கு ஒரு ‘ஜ’ தர மறுத்த அந்த நாடு, நான் பார்க்காத நேரம் என் வாய் வழியாக வந்து என் பிள்ளையின் பெயருக்குள் உட்கார்ந்திருக்கிறது. அவனுக்கு வேறு விதமாகத் தன் பெயர் தெரியாது. அட்டையில் ‘கே’ போட்டு, நடுவில் அந்த ஜேர்மன் எழுத்தைப் போட்டு, ‘வன்’ என்று முடித்தேன். அடுத்த ஆள் என்றேன். அடுத்து நின்றது பின்வரிசைக்காரன். அவனும் பெயர் சொல்லத்தான் வந்திருந்தான்.

வீட்டுக்குப் போய்ச் சசியிடம் கேட்டேன், நான் கேசவனை எப்படிக் கூப்பிடுகிறேன் என்று. அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார்.

“உமக்குத் தெரியாதோ? என்ர பேரையும் அப்பிடித்தானே சொல்லுறனீர். என்ர பேரிலை ரெண்டு தரம் வரும்.”

இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னால் நீர் மாத்திப்போடுவீர்,” என்றார்.

7

ஆனி வந்தது. நான் மேடையின் ஓரத்தில் மைக்குக்கு முன்னால் நின்றேன். மிஸ் ஜர்கன்ஸ் பக்கத்தில் நின்று அட்டைகளைப் பிடித்துக்கொண்டார். சில பிள்ளைகள் கொம்பியூட்டர் குரல்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு அது வாசித்தது, வாசிப்பில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மற்ற எல்லோரையும் நான் வாசித்தேன். நடுவில் வருகிற ஆங்கில வசனங்களையும் ஒன்று விடாமல் நானே சொன்னேன், என் ‘ஸ’க்களோடு, நிறுத்தி நிறுத்தி, மண்டபத்தின் கடைசிக் கதிரை வரை கேட்கிற மாதிரி.

என் மகனின் அட்டை கைக்கு வந்தது. சுத்தமான ‘ச’ எனக்கு வராதது இல்லை. இரண்டு மாதமாகக் குளியலறையில் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன், பழகினால் வருகிறது. கீழே முன்வரிசையில் சசியும் மச்சாளும் இருந்தார்கள். மச்சாளுக்காவது ஒருமுறை சரியாகச் சொல்லிக் காட்டலாம் என்று ஓர் ஆசை வரத்தான் செய்தது. கேசவன் படிக்கட்டில் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

நான் அவன் பெயரை அவன் தந்த மாதிரியே வாசித்தேன். காற்றோடு தள்ளிய ‘கே’, நடுவில் முழு ரீங்காரம், ஒன்றையும் குறைக்கவில்லை.

பின்வரிசையில் இருந்து ஒருவன் அதைத் திருப்பிக் கத்தினான், அதே ரீங்காரத்தோடு. பிறகு இன்னொருவன். பிறகு அந்த வரிசை முழுவதும். அவர்கள் என்னைச் செய்து காட்டினார்களா, அவனைக் கூப்பிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. கேசவன் மேடை நடுவில் நின்று அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். எதுவாக இருந்தாலும், அவர்கள் அவன் பெயரைச் சரியாகத்தான் சொன்னார்கள்.